ஹீலியம் மூணு

அந்தத் தெருவில் புஸ்ஸைத் தெரியாத ஆளே கிடையாது. சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது பள்ளிச் சான்றிதழுக்குள் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது, அதை எழுப்புவானேன்? பலூன் கடை வைத்திருப்பவரைப் புஸ் என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவார்களாம்? பெண்டாட்டி மட்டும் "ஏங்க" என்பாள். அதையும் இரண்டு தடவை சொன்னால்தான் மனுஷன் திரும்பிப் பார்ப்பார்.

பலூனுக்கு முன்னால் அவர் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினார். அதற்கும் முன்னால் காற்று மெத்தை செய்யும் கம்பெனியில், மெத்தை நிற்கிறதா படுத்துவிடுகிறதா என்று பார்க்கும் வேலை. ஆக, ஆள் பிழைத்தது முழுக்கக் காற்றில். சாயங்காலம் ஆனால் ஊரே பூங்காவுக்குக் காற்று வாங்கப் போகும். இவர் காற்று விற்கப் போவார். இந்தப் பேச்சை அவரே சொல்லி அவரே சிரிப்பார். கேட்டவர்கள் சிரிக்காவிட்டால் இன்னொரு தடவை சொல்லுவார். சிரித்துத் தொலைப்பதுதான் நல்லது.

கடை சின்னது. கூரையெல்லாம் முயல், நட்சத்திரம், கோணல் வாயோடு சிரிக்கிற சூரியன். மூலையில் மூன்று ஹீலியம் சிலிண்டர். ஒன்றும் இரண்டும் புழக்கத்தில் இருப்பவை. தீரத் தீர லாரி வந்து மாற்றிக்கொண்டு போகும். மூன்றாவது அவசரத்துக்கு வைத்தது. மூலையில் சுவரோடு சாய்ந்து சும்மா நிற்கும். கொஞ்சம் ராங்கி பிடித்தது. அதன் வால்வு நினைத்தால் "கீய்ய்ய்" என்று கத்தும், நினைக்காவிட்டால் திறக்கவே திறக்காது. அதன் வயிற்றில் யாரோ சாக்பீஸால் "ஹீலியம் 3" என்று எழுதியிருந்தார்கள். யார் எழுதினது என்று புஸ் ஒருநாளும் யோசித்ததில்லை. லாரிக்காரன் எழுதியிருப்பான் என்று விட்டுவிட்டார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கூத்து பூராவும் இதில்தான் இருக்கிறது.

புஸ்ஸுக்கு ஒரே மகள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. "இப்ப தெளிவா தெரியுதா? இப்ப? இதுவா, அதுவா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கேட்டு, வீட்டிலும் அப்படித்தான் பேசுவாள். அந்தக் கடைக்கு லிப்ட் பழுதுபார்க்கும் பையன் ஒருத்தன் கண் பரிசோதிக்க வந்தான். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. மறுபடி வந்தான். மறுபடியும் இல்லை. நாலாவது தடவை வந்தபோது, "உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு, என்ன வேணும்னு வாயைத் திறந்து சொல்லுங்க" என்று அவளே கேட்டுவிட்டாள். சொன்னான். அவளுக்கும் சம்மதம். அவ்வளவுதான் காதல் கதை.

சிக்கல் பையனின் அப்பாவிடம் இருந்தது. அவர் விஞ்ஞானி. சூரியன் எரிகிற மாதிரி அணுவோடு அணுவை ஒட்டவைத்து மின்சாரம் எடுக்கும் ஆராய்ச்சிக் கூடத்தில் காலமெல்லாம் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஓய்வில் இருக்கிறவர். வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டாராம். சிரித்ததைப் பெற்ற பிள்ளையே பார்த்ததில்லையாம். அவர் வீடு தேடி வரப்போகிறார் என்றதும், மகள் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விரலைத் திருகிக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லுவேன், கோபப்படக் கூடாது."

"சொல்லு கண்ணு."

"அவங்க வீட்ல... நீங்க என்ன பண்றீங்கன்னு கேட்டாங்க. வாயு விநியோகம்னு சொல்லியிருக்கேன்."

புஸ் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"பொய் ஒண்ணும் இல்லையேப்பா. ஹீலியமும் வாயுதான, நீங்களும் விநியோகம்தான பண்றீங்க. பலூன்னு மட்டும் சொல்லாதீங்க. அவர் பெரிய விஞ்ஞானி. இது நடக்காமப் போயிட்டா என்னால தாங்க முடியாதுப்பா."

"அதுக்கென்ன, சொல்லலைன்னா போச்சு" என்றார் புஸ், சிரித்தபடி. ஆனால் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. இவள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒருநாள் விழாவுக்குப் பலூன் கொத்தோடு போனார். வகுப்பு வரிசையில் நின்ற மகள் சட்டென்று ஒரு உயரமான பெண்ணின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். புஸ் பார்த்தும் பார்க்காத மாதிரி நடந்து போனார். அன்றைக்குத் தைத்த அதே இடத்தில்தான் இன்றைக்கும் தைத்தது. மனுஷன் இதை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாளிலிருந்து கண்ணாடி முன்னால் ஒத்திகை. "வாயு விநியோகம். வாயு விநியோகம்." சமையலறையிலிருந்து பெண்டாட்டி கத்தினாள். "ஏங்க, இப்படியே அவர்கிட்ட போய்ச் சொல்லிடாதீங்க, வயித்துல வாயுத் தொல்லைன்னு நினைச்சுக்கப் போறார்!"

இந்த இடத்தில்தான் மச்சான் உள்ளே வருகிறான். பெண்டாட்டியின் தம்பி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். பிள்ளைகளை இறக்கிவிட்டால், மறுபடி ஏற்றும் வரை வேனில் உட்கார்ந்து போனில் காணொளி பார்ப்பதே வேலை. அதனால் அவனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. அரைகுறையாகத் தெரியும், அது வேறு கதை.

"மாமா! சம்பந்தி என்ன ஆராய்ச்சி பண்ணினார்னு தேடிப் பார்த்தேன். ஆடிப் போயிட்டேன்" என்று கடைக்குள் ஓடிவந்தான். "அதுக்கு எரிபொருள் என்ன தெரியுமா? ஹீலியம்! அதுவும் சும்மா ஹீலியம் இல்ல. ஹீலியம் மூணு!"

"மூணா?"

"மூணு! பூமியில கிடைக்கவே கிடைக்காதாம். நிலாவுல மண்ணோட மண்ணா கிடக்காம். ஒரு லாரி இருந்தா போதும், ஒரு ஊருக்கு இல்ல, ஒரு தேசத்துக்கே கரண்டாம். புகை கிடையாதாம், பெரிய கழிவு கிடையாதாம்..."

பேசிக்கொண்டே போனவனின் கண் மூலைக்குப் போனது. புஸ்ஸின் கண்ணும் போனது. சாக்பீஸ் எழுத்து இருவரையும் பார்த்தது. சமயம் பார்த்து, வால்வு "கீய்ய்ய்" என்றது.

"மாமா..." என்றான் மச்சான்.

"மாப்ள..." என்றார் புஸ்.

அதற்கப்புறம் எல்லாம் பொருந்தியது பாருங்கள், அப்படிப் பொருந்தியது! இது ஏன் மற்ற ரெண்டு மாதிரி இல்லாமல் அடம் பிடிக்கிறது? நிலாவிலிருந்து வந்தது, நம்ம ஊர் தண்ணி சேரவில்லை. போன மாதம் இதிலிருந்து நிரப்பின முயல் மட்டும் கையை விட்டுப் பறந்து மின்விசிறியில் போய் ஏன் அடிபட்டது? நிலாவில் கனம் கம்மி, பழக்க தோஷம். லாரிக்காரன் ஆள் மாறி இறக்கியிருக்கிறான், இதில் சந்தேகமே இல்லை. பெண்டாட்டியிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், அவளை அசத்திவிடலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். புத்திசாலிகள்!

மச்சான் ஒரு பல்பும் ரெண்டு ஒயரும் கொண்டுவந்து சிலிண்டரின் கழுத்தில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று ஒட்டிப் பார்த்தான். எரியவில்லை. "சூடு பத்தலை மாமா. அந்த வீடியோவுல நல்லா சூடு பண்ணணும்னு சொன்னான்." இருவரும் யோசித்து, வீட்டிலிருந்த ஒரே கம்பளியைக் கொண்டுவந்து சிலிண்டருக்குப் போர்த்தினார்கள். வீட்டில் குளிர் தாங்காமல் கம்பளியைத் தேடிய பெண்டாட்டி கடைக்கு வந்து பார்த்தாள். மூலையில் சிலிண்டர் காய்ச்சல்காரன் மாதிரி போர்த்திக்கொண்டு நின்றது. "உங்களுக்கெல்லாம் என்ன பைத்தியமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். வேறு என்னதான் கேட்பாள்?

புஸ்ஸுக்கோ காற்றில் நடக்கிற மாதிரி இருந்தது. ஆசையெல்லாம் பணத்துக்கு இல்லை. மகள் முகத்தில் வரப்போகும் வெளிச்சத்துக்குத்தான். பலூன்காரன் என்று சொல்ல வெட்கப்பட்டாளே, விஞ்ஞானிக்கே கிடைக்காத சரக்கு அப்பனிடம் இருக்கிறது என்று தெரிந்தால்?

சம்பந்தி வந்தார். ஒல்லியான, உயரமான மனுஷர். சட்டையில் கழுத்துப் பித்தான் வரை பூட்டியிருந்தார். பின்னால் பையன். நாற்காலியில் உட்கார்ந்தார், பிஸ்கட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். கடிகார முள் நகர்வது கேட்டது. மகள் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றீங்க?" என்று கேட்டார் சம்பந்தி.

புஸ் எழுந்தே நின்றுவிட்டார். "வாயுங்க!"

"அடடா. சாப்பிட்டதும் கொஞ்சம் நடங்க" என்றார் சம்பந்தி அக்கறையாக.

"இல்லீங்க, விநியோகம்! வாயு விநியோகம். ஹீலியம்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. "ஹீலியமா? நானும் வாழ்நாள் பூரா அதோடதான் மல்லுக்கட்டினேன். ஆனா உங்க ஹீலியம் வேற, எங்க ஹீலியம் வேற. எங்களுக்கு வேண்டியது ஹீலியம் மூணு."

"மூணும் இருக்குங்க" என்றார் புஸ்.

தேநீர் கோப்பை பாதி வழியில் நின்றது. "என்னது?"

"ஹீலியம் மூணு. கடையில இருக்கு. முக்கால் சிலிண்டர் இருக்கும்."

தேநீர் சட்டையில் கொட்டியது. அவர் கவனிக்கவே இல்லை. "முக்கால் சிலிண்டரா? நாங்க ஒரு சிட்டிகை கேட்டு வருஷக்கணக்கா காத்துக் கிடந்தோம்! யார் குடுத்தா உங்களுக்கு?"

"லாரியில வந்துச்சுங்க."

"லாரியிலயா!" என்று எழுந்துவிட்டார். "இப்பவே பார்க்கணும். எங்க இருக்கு கடை?"

மகள் குறுக்கே வந்தாள். "அப்பா, வேணாம்" என்றாள். யார் காதில் விழுந்தது? புஸ் முன்னால் ஓட, சம்பந்தி எட்டி நடக்க, மச்சான் "நான் சொன்னேன்ல" என்று பையன் தோளைத் தட்டிக்கொண்டே போக, அம்மாவும் மகளும் செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் போனார்கள்.

கடையைத் திறந்ததும் நூல் கட்டின முயல்கள் எல்லாம் ஒன்றாக ஆடின. சம்பந்தி நிமிர்ந்து பார்த்தார். கோணல் வாய்ச் சூரியன் அவர் நெற்றியில் மெல்ல முட்டியது. அவர் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் தலை குனிந்துகொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. அந்த நேரத்தில்கூட புஸ் அதைக் கவனிக்கவில்லை. அவர் பாட்டுக்கு மூலைக்குப் போய், கம்பளியைப் பிடித்து இழுத்தார்.

"இதாங்க."

விஞ்ஞானி குனிந்தார். சாக்பீஸ் எழுத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி மறுபடியும் படித்தார்.

"இதை யார் எழுதினது?"

"நான்தாங்க" என்றாள் புஸ்ஸின் பெண்டாட்டி வாசலிலிருந்து. "எது காலி, எது முழுசுன்னு இவருக்குத் தெரியாமக் குழப்பிக்கிறார்னு, ஒண்ணு ரெண்டு மூணுன்னு நம்பர் போட்டு வச்சேன். ஒண்ணும் ரெண்டும் லாரியோட போயிடுச்சு. இது மட்டும் மூலையில கிடக்கு. ஏன், என்னாச்சு?"

பதிலுக்கு வால்வுதான் "கீய்ய்ய்" என்றது. கொழுப்பைப் பாருங்கள் அதற்கு!

புஸ்ஸின் முகம் நூல் அவிழ்ந்த பலூனாகிவிட்டது. மச்சான் சத்தமில்லாமல் கதவுப் பக்கம் நகர்ந்தான். சம்பந்தி அங்கிருந்த பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரா, ஆத்திரமா என்று எல்லாரும் பயந்தார்கள்.

"அப்ப... இது அது இல்லீங்களா?" என்று கேட்டார் புஸ், செத்த குரலில்.

"இது அது இல்ல" என்றார் சம்பந்தி. தலையை நிமிர்த்தினபோது அவர் கண்ணில் ஈரம் இருந்தது, ஆனால் கோபம் இல்லை. "ஒரு பலூன் குடுங்க."

"சார்?"

"ஒண்ணு நிரப்பிக் குடுங்க. இதை இழுத்தா குரல் மாறும்னு சொல்றாங்களே. எத்தனை வருஷம் ஹீலியத்தோட இருந்தேன், ஒரு தடவை அதைப் பண்ணிப் பார்த்ததில்ல."

புஸ்ஸின் கை பழக்கத்தில் தானாக வேலை செய்தது. புழக்கத்தில் இருந்த சிலிண்டரிலிருந்து ஒரு மஞ்சள் பலூனை நிரப்பிக் கொடுத்தார். "ஒரே ஒரு வாய்தான் சார், அதுக்கு மேல கூடாது" என்று வழக்கமாகச் சொல்வதையும் மறக்காமல் சொன்னார். விஞ்ஞானி ஒரு வாய் இழுத்தார்.

"ஹீலியம் மூணு என்பது" என்று ஆரம்பித்தார், சுண்டெலிக் குரலில்.

மச்சான்தான் முதலில் வெடித்தான். அப்புறம் பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பையன் சுவரைப் பிடித்துக்கொண்டான். விஞ்ஞானியோ விடுகிறதாக இல்லை. குரல் இறங்க இறங்க, மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு வாய் இழுத்து, மேலே போனார்.

"சாதாரணமா அணுவை ஒட்டவச்சா நியூட்ரான்னு ஒரு தறுதலை வெளியே வரும். காந்தத்துக்கு அடங்காது. சுவரையெல்லாம் துளைச்சுக் கெடுக்கும். ஹீலியம் மூணுல அந்தத் தொல்லை ரொம்பக் கம்மி. தண்ணியைக் கொதிக்க வைக்க வேணாம், நேராவே கரண்டாப் பிடிச்சிடலாம். சொல்றதுக்கு அவ்வளவு அழகு! ஆனா சூரியனோட நடு வயித்தை விடப் பல மடங்கு சூடு வேணும்."

"கம்பளி பத்தாதுதான்" என்றார் புஸ்.

"பத்தாது" என்று ஒப்புக்கொண்டது சுண்டெலி. "அவ்வளவு சூட்டைக் கம்பளி இல்லாம, காந்தத்தால அந்தரத்துல பிடிச்சு வைக்கணும். நழுவிடும். எரிபொருளும் கிடையாது. நிலாவுக்குப் போயி மலையளவு மண்ணை வறுத்தா ஒரு கைப்பிடி கிடைக்கும். உங்க சிலிண்டர்லயும் இருக்கத்தான் இருக்கு. கோடியில ஒண்ணு ரெண்டு."

"பாத்தீங்களா மாமா, இருக்குதாம்ல!" என்று துள்ளினான் மச்சான்.

எல்லாருக்கும் வயிறு வலித்தது. விஞ்ஞானி பலூனைப் பார்த்தார். இன்னொரு வாய் இழுத்தார்.

"இன்னொரு வேடிக்கை சொல்லட்டுமா? அதெல்லாம் எரிஞ்சு முடிஞ்சா கடைசியில மிஞ்சறது என்ன தெரியுமா? இதுதான். இதே பலூன் ஹீலியம். காலமெல்லாம் அத்தனை பேர் சேர்ந்து நாங்க உண்டாக்கின ஹீலியத்தை எல்லாம் கூட்டினா, இந்த ஒரு பலூன் நிரம்பாது."

இதையும் அந்தக் கீச்சுக் குரலில்தான் சொன்னார். சிரித்துக்கொண்டே இருந்தவர்கள், சொன்னது என்னவென்று உறைக்க, ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். பையன் கடைசியாக நிறுத்தினான். அவன் அப்பா பக்கத்தில் போய் நின்று, அவர் தோளில் கை வைத்தான். முன்னே எப்போதும் அப்படி வைத்ததில்லை போலிருக்கிறது, கை எங்கே போவது என்று தெரியாமல்தான் போனது.

புஸ்ஸுக்கு மனசு என்னவோ செய்தது. தன்னுடைய ஏமாற்றமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இவ்வளவு படித்த மனுஷருக்கும் உள்ளே ஒரு இடத்தில் தைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது என்று நினைத்தார். "விடுங்க சம்பந்தி. உங்க பேரப் பிள்ளைங்க காலத்துல வந்துடும்" என்றார். இன்னும் சம்பந்தம் முடிவாகவில்லை என்பது சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சம்பந்தி அதற்கு மறுப்பு சொல்லவில்லை. குரல் பழையபடி தடித்திருந்தது. மகளைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, வாயு விநியோகம்னு சொன்னியே?"

மகள் நிமிர்ந்தாள். மேலே ஆடும் முயல்களைப் பார்த்தாள், கையில் கம்பளியோடு நிற்கும் அப்பாவைப் பார்த்தாள். அப்பா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட மைதானத்தில் அன்றைக்கு எப்படி வேறெங்கோ பார்த்தாரோ, அதே மாதிரி. அவர் அன்றைக்குப் பார்த்துவிட்டார் என்பது அவளுக்கு இப்போதுதான் விளங்கியது.

அவள் போய் விஞ்ஞானியின் கையிலிருந்த மஞ்சள் பலூனை வாங்கினாள். மிச்சமிருந்ததை ஒரே வாயில் இழுத்தாள்.

"எங்க அப்பா பலூன்காரர்" என்றாள், சுண்டெலிக் குரலில்.

எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். சம்பந்தி வாய்விட்டுச் சிரித்தார். தன்னுடைய பேச்சுக்குத் தானே முதலில் சிரிக்கிற புஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"சரியா கேக்கலை கண்ணு" என்றார். "இன்னொரு தடவை சொல்லு."

அவள் பலூனைக் கீழே போட்டாள். மூச்சை நன்றாக இழுத்து விட்டாள், இன்னொரு தடவை இழுத்து விட்டாள். சொந்தக் குரல் திரும்பி வரும்வரை காத்திருந்தாள். அப்புறம் சொன்னாள்.